கௌதாரி விற்ற வேட்டைச் சட்டை

ஒரு காட்டில் ஒரு கரடி வேட்டைச் சாமான் கடை வைத்திருந்தது. காட்டில் கடை இருக்குமா என்று கேட்பவர்கள் அண்மையில் எந்தக் காட்டுக்கும் போகாதவர்கள். கடையின் பெயர் தாண்டவராயர் அண்ட் சன்ஸ். தாண்டவராயருக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் கடை மாதிரியே இருக்காது என்று பெயர்ப்பலகை எழுதிய குரங்கு அடித்துச் சொல்லிவிட்டது.

அங்கே விற்பனைப் பெண்ணாக இருந்தவள் பூரணி என்ற கௌதாரி. கௌதாரி பிடிக்கிற சட்டையைக் கௌதாரியே விற்பதா என்று உறவினர்கள் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பூரணி கவலைப்படவில்லை. கடைக்குள் ஊழியரைத் தின்னக் கூடாது என்பது தாண்டவராயரின் சட்டம். அந்தக் காட்டில் அவளை யாரும் தின்னக் கூடாத இடம் அது ஒன்றுதான். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

அந்தச் சட்டத்துக்கு ஒரு விலக்கு உண்டு. வாடிக்கையாளரிடம் பொய் சொல்லும் ஊழியரை அந்த வாடிக்கையாளர் கடையிலேயே தின்றுவிடலாம். நுகர்வோர் நலனில் தாண்டவராயருக்கு அவ்வளவு அக்கறை. பூரணிக்கு முன் அந்த வேலையில் இருந்த முயல், சாயம் போகாது என்று சொல்லி ஒரு சட்டையை விற்றான். மழையில் சாயம் போய்விட்டது. நன்றாகப் பேசக்கூடியவன் என்று அவனைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள்.

கோடை முற்றியிருந்த ஒரு நாள் காலையில் வேதநாயகி என்ற காட்டுப்பூனை கடைக்குள் நுழைந்தாள். விலா எலும்புகள் தெரிந்தன. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது. காட்டில் மேற்படிப்பு முடித்தவள் அவள் ஒருத்திதான். யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கும் என்பதே அவள் அந்தப் படிப்பில் கற்றது. அதைக் கற்றுக்கொடுத்தவர்களை மட்டும் அவள் அப்படியே நம்பியிருந்தாள்.

"வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?"

"வேட்டைச் சட்டை. முதுகுல பை வச்சது." வேதநாயகி பெருமூச்சு விட்டாள். "கீழ ஒரு பறவை இல்ல. எல்லாம் மேட்டுச் சரிவுக்கு ஏறிடுச்சு. ஒண்ணப் பிடிச்சு வாயில கவ்விட்டா அடுத்ததப் பிடிக்க முடியாது. எறங்கி வந்து வச்சிட்டு மறுபடி ஏறுறதுக்குள்ள வெயில் மண்டையப் பொளக்குது. புள்ளைங்க ஓணானத் தின்னுட்டுக் கெடக்குதுங்க."

பூரணியின் கூடும் மேட்டுச் சரிவில்தான் இருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. கணவன் காவலிருந்தான். ஆபத்து வந்தால் அவன் முதலில் பறந்துவிட்டுப் பிறகு யோசிப்பான்.

கடையில் இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்று மண் நிறம். இடுப்பில் கட்ட ஓர் அகன்ற வார், தோளுக்கு இரண்டு பட்டை, முதுகில் ஒரு பை, பக்கவாட்டில் தண்ணீர்க் குடுவை. அவ்வளவுதான். மற்றொன்று கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. பளீரென்ற ஆரஞ்சு நிறம், மார்பெல்லாம் பைகள், பைகளுக்குள் பைகள், பித்தளைக் கொக்கிகள், கழுத்தில் ஓர் ஊதல், திசை காட்டும் கருவி.

"ரெண்டுல எது உருப்படியானது?" என்றாள் வேதநாயகி.

கல்லாவில் இருந்த தாண்டவராயர் கணக்குப் போடுவதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார். பொய் சொன்னால் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. மெய் சொன்னால் தாய்க்குக் குஞ்சுகள் இல்லை. பூரணி வேதநாயகியின் பற்களைப் பார்த்தாள்.

"மண் நிறந்தான் அக்கா."

"ஏன்?"

"பாரம் தோள்ல எறங்காது, இடுப்புல நிக்கும். மேடு ஏறும்போது மூச்சு வாங்காது. பைக்கு ரெண்டு பக்கமும் வாய் இருக்கு, கழட்டாமலே பறவைய உள்ள போடலாம். உள்துணி ரத்தம் பட்டாலும் கழுவுனாப் போயிரும். மார்புல ஒண்ணும் இல்லாததால தரையோட பதுங்கலாம். முக்கியமா சத்தம் வராது. சத்தம் கேட்டாத்தான் நாங்க பறப்போம்."

"நாங்கன்னா?"

"நாங்கதான் அக்கா."

வேதநாயகி சட்டையை அணிந்து கடையின் நீளம் முழுவதும் பதுங்கி நடந்தாள். ஓர் ஓசையும் எழவில்லை. திடீரென்று பூரணியின் கால்விரல் அருகே அவள் மீசை தெரிந்தது. எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"கச்சிதம். இதையே கட்டிக் குடு."

பூரணி காகிதத்தை எடுத்தாள். அலகு நடுங்கியதில் காகிதம் படபடத்தது. உண்மை பேசிப் பேசிப் பழகிய வாய், பயத்தில் இன்னும் கொஞ்சம் உண்மையை உளறிற்று.

"அக்கா, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். மறைச்சாலும் பொய்தான். என் கூடு அந்தச் சரிவுலதான் இருக்கு. ஒத்தைச் சூரைமுள் புதருக்கு அடியில. குஞ்சுங்களுக்கு ரெக்கை பலப்படல. இதப் போட்டுட்டுப் போனா எல்லாத்தையும் ஒரே நடையில கொண்டாந்துரலாம். பையில எடம் பத்தும்."

வேதநாயகி அசையாமல் நின்றாள். மேற்படிப்பு வேலை செய்யத் தொடங்கியது.

"ஏம்மா, பெத்த புள்ளையப் பிடிக்கிற சட்டைய எந்தத் தாயாவது எடுத்துக் குடுப்பாளா?"

"கடைச் சட்டம் அப்படிக்கா."

"சட்டமாம்! சூரைமுள் புதர்னு வழி வேற காட்டுற. அங்க என்ன வச்சிருக்கீங்க, கண்ணியா?" அவள் சட்டையைக் கழற்றி வீசினாள். "அந்த ஆரஞ்ச எடு."

"அது வேணாம்க்கா. கனம் ஜாஸ்தி."

"அப்படியா?"

"கொக்கியெல்லாம் கிணுகிணுக்கும். பையத் தொறந்தா சர்ருன்னு கிழியிற மாதிரி சத்தம் வரும். அடுத்த மலையிலேர்ந்தே நீங்க தெரிவீங்க."

"சொல்லு, சொல்லு. இன்னும் என்னென்ன குறை?"

பூரணி ஒன்று விடாமல் சொன்னாள். ஒவ்வொரு குறைக்கும் வேதநாயகியின் முகம் மலர்ந்தது.

தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்தப் பொண்ணு பொய் சொல்லாது."

"நீங்களும் கூட்டா?" என்று கேட்டுவிட்டு வேதநாயகி ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியேறினாள். அவள் கண்ணுக்கு மறைந்த பின்னும் கிணுகிணுப்பு நெடுநேரம் கேட்டது.

கடை வாசலிலிருந்து பார்த்தால் மேட்டுச் சரிவு தெரியும். பூரணி, மடித்த சட்டைகளையே மறுபடி மடித்தபடி வாசலில் நின்றாள். காய்ந்த புல்லுக்கு நடுவே ஓர் ஆரஞ்சுப் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி ஏறியது. அதற்கு முன்னால் கௌதாரிகள் கூட்டங்கூட்டமாக, அவசரமே இல்லாமல், எழும்பி அடுத்த முகட்டுக்குப் பறந்தன. அவற்றுள் முதலில் பறந்தது தன் கணவன் என்று பூரணி பார்த்த உடனே தெரிந்துகொண்டாள்.

புள்ளி சூரைமுள் புதரை நெருங்கியது. பூரணி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே போட்டாள். புள்ளி அங்கே நின்று புதரை நீண்ட நேரம் பார்த்தது. பிறகு, ஏமாற்ற முடியாதவர்களுக்கே உரிய கம்பீரத்துடன், புதரை வெகுதூரம் சுற்றிக்கொண்டு மேலே போனது.

மாலையில் வேதநாயகி திரும்பி வந்தாள். சட்டை முழுவதும் முள். ஊதல் வாயில் சிக்கியிருந்ததால் மூச்சு விடும்போதெல்லாம் விசில் அடித்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கல்லாவின் முன் நின்றாள்.

"முதலாளி, விலக்கு இருக்குல்ல? இவளத் தின்னணும்."

தாண்டவராயர் எழுந்து நின்றார். சட்டம் என்று வந்துவிட்டால் அவர் உட்கார்ந்து பேசமாட்டார். "தாராளமா. என்ன பொய் சொன்னா?"

"சத்தம் போடும்னா."

"போடலையா?"

"போட்டுச்சு."

"வேற?"

"கனம்னா. கனந்தான். தூரத்துலேர்ந்தே தெரியும்னா. தெரிஞ்சுது."

"கூடு புதருக்கு அடியிலன்னு சொன்னாளே, அது?"

"அந்தப் பக்கமே நான் போகல."

"அப்ப பொய் எங்கம்மா?"

வேதநாயகியின் வால் தரையை அறைந்தது. "உண்மையச் சொல்லி ஏமாத்திட்டா!"

"அதுக்குச் சட்டத்துல எடம் இல்லியே" என்று சொல்லித் தாண்டவராயர் உட்கார்ந்தார்.

வேதநாயகி பூரணியின் அருகில் வந்து குனிந்து அவள் கண்களுக்குள் பார்த்தாள்.

"கடைசியாக் கேக்குறேன். எந்தச் சட்டை நல்லது?"

பூரணிக்கு இம்முறை அலகு நடுங்கவில்லை. "மண் நிறந்தான் அக்கா. கூடும் அங்கதான் இருக்கு. காலையில சொன்ன அதே புதர். இப்ப காவலுக்குக்கூட ஆளில்ல."

வேதநாயகி மெல்லச் சிரித்தாள். எதிராளியின் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டவளின் சிரிப்பு அது.

"காலையில உண்மையச் சொன்னா நம்பமாட்டேன்னு உண்மையச் சொன்ன. இப்ப நான் நம்பிருவேன்னு நெனச்சுப் பொய் சொல்ற. என்னைய என்ன, வடையப் பறிகொடுத்த காக்கான்னு நெனச்சியா?" ஆரஞ்சுச் சட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கிக்கொண்டாள். "இதுக்குப் பொருத்தமா பூட்ஸ் இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா போட்டா நடக்க முடியாது."

"நாலு குடு."

நீதி: உயிருக்கு ஆபத்து வந்தால் உண்மையையே பேசுங்கள். படித்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். நம்பக்கூடியவர்களுக்கு வேட்டைச் சட்டை வாங்க வசதி இருக்காது.