நஷ்டத்தை மறைத்த தையற்காரர்

எங்கள் தெருவில் நஷ்டம் இல்லாதவனுக்கு மரியாதை இல்லை. வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கியோ மாடி கட்டியோ, வட்டி, பழுது, தேய்மானம் என்று கழித்து நஷ்டம் காட்டினால் மற்ற வருமானத்துக்கு வரி குறையும் என்று ஓர் ஆடிட்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தது இந்த நாகரிகம். காலை நடையில் யாரும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "இந்த வருஷம் எவ்வளவு நஷ்டம்?" என்றுதான் கேட்கிறோம். என் நஷ்டம் இரண்டு லட்சம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

தையற்காரர் மட்டும் திருஷ்டிப் பரிகாரம். மனைவியின் வளையல்களை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, தெருக்கோடி வீட்டை வாங்கினார். குடிவந்தவர் குழாய் வேலைக்காரர். மனைவி, ஒரு கைக்குழந்தை. ஒன்றாம் தேதி காலையில் வாடகை வந்துவிடும். கடன் தவணை அதிலேயே கட்டியாகும். எது கசிந்தாலும் அவரே அடைப்பார், கதவு இறங்கினால் அவரே தூக்கி மாட்டுவார். வருஷக் கடைசியில் கணக்குப் போட்டால் பன்னிரண்டாயிரம் லாபம். பிழைக்கத் தெரியாத மனுஷன், அதை அப்படியே எழுதிக் கொடுத்து வரியும் கட்டிவிட்டார்.

பத்தாம் நாள் வரி அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. "தங்கள் தெருவில் ஏனைய வாடகை வீடுகள் யாவும் நஷ்டத்தில் இயங்கிவருங்கால், தங்கள் வீடு மட்டும் லாபத்தில் இயங்குவது ஐயத்திற்கு இடமளிக்கிறது. நஷ்டத்தை மறைத்தமைக்கு நேரில் விளக்கம் அளிக்கவும்."

அதிகாரி நல்லவர். உட்காரச் சொன்னார்.

"நஷ்டத்தை எங்க வச்சிருக்கீங்க?"

"நஷ்டமே வரலைங்களே."

"தெருவுக்கே வந்தது உங்களுக்கு மட்டும் எப்படி வராமப் போகும்? பழுது பார்த்த செலவு?"

"குடியிருக்கிறவரே பார்த்துக்கிறாருங்க."

"வீடு காலியா இருந்த மாசம்?"

"ஒரு நாள்கூட இல்லைங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "படிவத்துல நஷ்டத்துக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை வெறுமனே விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. முப்பது நாள் தர்றேன். அப்புறம் அபராதம். அபராதத்தைச் செலவாக் கழிக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

தையற்காரர் நேரே குழாய்க்காரரிடம் போனார். "தம்பி, ஒரு உதவி. அந்தச் சமையலறைக் குழாயை உடைச்சிருங்க."

"எதுக்குண்ணே?"

"மேலிடத்து உத்தரவு."

உடைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பழையதைவிட நல்ல குழாய் இருந்தது.

"ஒழுகுறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலைண்ணே. சாமான் கையில இருந்துச்சு, காசு வேண்டாம்."

முப்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. "லாபத்திற்கு மூலகாரணம் குடியிருப்பவரே எனத் தெரியவருவதால், அன்னாரை அகற்றி, நஷ்டத்தை மீட்டெடுக்கவும்."

தையற்காரர் அழுதுகொண்டேதான் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். குழாய்க்காரர் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளையெல்லாம் பூசிவிட்டுப் போனார். வீடு நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தெருவே போய்க் கைகுலுக்கியது. தவணை தவறியதால் வங்கி வந்து கதவில் ஏல அறிவிப்பை ஒட்டியது. "கவலைப்படாதீங்க, நஷ்டம் இன்னும் கூடும்" என்று தேற்றினோம்.

குழாய்க்காரர் குடும்பம் இப்போது மச்சான் வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. நேற்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டுவந்தார். எட்டு வீடுகளில் மாடி காலி. ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசியில் என் வாசலுக்கு வந்தார்.

"சார், மாடி காலியா இருக்கே. ஒன்னாம் தேதியே வாடகை கொடுத்துருவேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவர் பார்வை எனக்குப் பின்னால் கூரைக்குப் போய்விட்டது.

"ஒழுகுதுங்களே. அஞ்சு நிமிஷ வேலை. பார்த்துக் கொடுத்துட்டுப் போறேன்."

குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு லட்சம் இரண்டு லட்சம்தானே. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். நிரம்பிவிட்ட வாளியை எடுத்துவிட்டு வேறு வாளி வைத்தேன்.