பொய் சொன்னால் இறங்கும் கடல்

கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் கடல் பொய்யைக் கண்டுபிடிக்கிறது என்று சேதி பரவியதும் ஊரில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது. மீதிப் பாதிப் பேர், தூக்கம் போன அந்தப் பாதிப் பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். மனைவி கணவனை இழுத்து வந்தாள். முதலாளி குமாஸ்தாவை இழுத்து வந்தார். மாமியார் மருமகளைச் சோதிக்க வந்தாள், மருமகள் மாமியாரைச் சோதிக்க வந்தாள். இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

கடலின் சொந்தக்காரர் கடலய்யா. போன வருஷம் வரை வண்ண மீன் விற்றவர். மீனை விற்பதைவிட மகிமையை விற்பது சுலபம், அதற்குத் தீனி போட வேண்டாம் என்று கண்டுகொண்ட நாளில் கடைப் பலகையைக் கழற்றிவிட்டுத் தாடியை வளர்த்துக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் ஆறடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பவளப் பாறை, ஆரஞ்சும் மஞ்சளுமாய் மீன்கள். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு. தொட்டிக்குக் கீழே நீல வெல்வெட் திரை. திரைக்குப் பின்னாலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத முனகல். அதுதான் கடலின் மூச்சாம். பக்கத்தில் தரைவிரிப்பின் மேல் கடலய்யாவின் நாற்காலி.

சந்தேகத்துக்கு ஆளானவர் கண்ணாடியில் கையை வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். உண்மை என்றால் தண்ணீர் அசையாது. பொய் என்றால் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கும். பரிகாரக் கட்டணம் கட்டியதும் மறுபடி ஏறும். கடலுக்கு அவ்வளவு பெரிய மனசு.

இது போதாதென்று திரைக்குப் பின்னாலிருந்து வாரம் ஒரு கிண்ணம் பழுப்பு நிறக் கசடு வெளியே வரும். நாற்றம் குடலைப் பிடுங்கும். “பாத்தீங்களா? எல்லாம் நீங்க செஞ்ச பாவம்” என்பார் கடலய்யா. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உருகுவார்கள். பச்சைப் பாசியைக் கைப்பிடி கைப்பிடியாகக் கத்தரித்து ‘கடலம்மா கூந்தல்’ என்று பொட்டலம் கட்டியும் கொடுப்பார். தலையணைக்கடியில் வைத்தால் கெட்ட கனவு வராதாம். வாங்கிப் போனவர்கள் வீட்டில் கெட்ட வாடைதான் வந்தது.

இந்தக் கடலில்தான் குழாயக்காவின் தம்பி கவிழ்ந்தான்.

குழாயக்கா குழாய் வேலை செய்கிறவள். பம்ப், வால்வு, மோட்டார் எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாள். தம்பி பேக்கரியில் அடுப்படி வேலை. பேக்கரிக்காரரின் மகளும் அவனும் ஒருவரையொருவர் விரும்பி, பெரியவர்களும் சம்மதித்து, அடுத்த மாதம் கல்யாணம் என்று பத்திரிகைகூட அடித்தாயிற்று. அப்போதுதான் பேக்கரிக்காரருக்கு யாரோ ஓதினார்கள். “எதுக்கும் கடல்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்.”

தம்பி அக்காவின் வாசலில் வந்து நின்றபோது புருவத்தில் மாவு, கன்னத்தில் கண்ணீர்.

“கைய வெச்சு, ‘உங்க பொண்ணத் தவிர வேற யாரையும் நெனச்சதில்ல’ன்னு சொன்னேங்க்கா. தண்ணி விறுவிறுன்னு எறங்கிடுச்சு!”

“வேற யாரையாவது நெனச்சியா?”

“நாலாங்கிளாஸ் டீச்சர கொஞ்சம் புடிக்கும். அது கணக்குல வருமாக்கா?”

“அட அப்பாவி! பேக்கரிக்காரரு என்ன சொல்றாரு?”

“நாளைலேர்ந்து மூணு தடவ பரிகாரம். அப்பவும் எறங்குச்சுன்னா கல்யாணம் இல்லையாம்.”

குழாயக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எறங்குன தண்ணி எங்கடா போச்சு?” என்றாள்.

“தெரியலையே. கடலுக்குள்ள…”

“தண்ணி காணாம எல்லாம் போகாதுடா. எடந்தான் மாறும். காலைல நானும் வரேன்.”

மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பேக்கரிக்காரர் கைகட்டி நின்றார். அவர் மகள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். குழாயக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். அவள் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குமாஸ்தா கை வைத்தான். முனகல் நின்றது. “கடல் மூச்ச அடக்குது!” என்று கூட்டம் அலறியது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கட்டணம் கட்டியதும் முனகல் திரும்பியது, தண்ணீர் ஏறியது. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. குழாயக்கா கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

தம்பியின் முறை வந்தது. அவனுக்கு முன்னால் அக்கா போய் நின்றாள். கையில் நட்டு, போல்ட் போட்டு வைக்கும் பழைய தகர டப்பா.

“சாமி, மொதல்ல எனக்கு. இந்த டப்பாக்குள்ள ஒரு நட்டு இருக்கு. நான் சொல்றது நெசமா பொய்யா?”

கடலய்யா தாடியைத் தடவினார். முகத்தைப் பார்த்தால் திமிர் பிடித்தவள். பொய்யாகத்தான் இருக்கும். முனகல் நின்றது, தண்ணீர் இறங்கியது. டப்பாவைத் திறந்தாள். காலி. கூட்டம் கை தட்டித் தீர்த்தது. பேக்கரிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தம்பி உட்கார்ந்தே விட்டான்.

“சரிதான். குருட்டாம்போக்குல ஒண்ணு அமையும்” என்றாள் குழாயக்கா. கட்டணத்தை வைத்தாள், முனகல் திரும்பித் தண்ணீர் ஏறியது. திரும்பி நின்று டப்பாவில் ஏதோ செய்து மூடினாள். “இப்பவும் நட்டு இருக்குன்னுதான் சொல்றேன்.”

ஒருமுறை பொய் சொன்னவள் மறுமுறை மாற்றித்தானே வைப்பாள்? கடலய்யா அசையாமல் இருந்தார். தண்ணீரும் அசையவில்லை. டப்பா திறந்தது. மறுபடி காலி!

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

“இன்னும் ஒரு தடவ. இந்தாம்மா நட்டு, வெச்சோ வெக்காமலோ நீயே மூடு. எனக்கே தெரிய வேணாம்” என்று டப்பாவை மணப்பெண்ணிடம் நீட்டினாள். அவள் முதுகைக் காட்டி நின்று மூடிக் கொடுத்தாள். “டப்பா காலி!” என்றாள் குழாயக்கா. கடலய்யாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கடைசியில் தண்ணீர் இறங்கியது. திறந்தால், டப்பா துடைத்து வைத்த மாதிரி காலி.

“கடலுக்குக் கோவம்! சோதிச்சுப் பாக்கறவங்க முன்னாடி அது பேசாது!” என்று கத்தினார் கடலய்யா. கத்திய வேகத்தில் முனகல் திரும்பி, கட்டணம் இல்லாமலே தண்ணீர் கோட்டுக்கு ஏறியது.

“சோதிக்கறதுதானே சாமி அதோட வேலையே? சரி, கடைசியா ஒரே ஒரு வேண்டுதல். நீங்க எழுந்து இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. கடலே தனியா பதில் சொல்லட்டும்.”

“எனக்கு முழங்கால் வலி.”

“தம்பி, சாமிய மெதுவா தூக்கு.”

தினமும் மாவு மூட்டை தூக்குகிற கை. நாற்காலியில் இருந்த சாமி ஆகாயத்தில் இருந்தார். மணப்பெண் ஒரே தாவலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விரிப்பின் மேல் காலை ஊன்றினாள். ‘டிக்’. முனகல் நின்றது, தண்ணீர் இறங்கியது. மறுபடி ஊன்றினாள். முனகல் வந்தது, தண்ணீர் ஏறியது.

“அப்பா! கடல் என் கால் கட்டைவிரல்ல இருக்குப்பா!”

குழாயக்கா திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். பின்னால் இன்னொரு கண்ணாடித் தொட்டி, தடுப்பு தடுப்பாக.

“உங்க வீட்டுத் தரைக்கடியில தண்ணி நிக்குதே சம்ப், அதேதான் இது. டாக்டர் வீட்டுல இதே மாதிரி மாட்டிக் குடுத்திருக்கேன். மேல வழியற தண்ணி குழாய் வழியா இங்க எறங்கும். மொத அறையில நுரையில அழுக்கப் பிரிச்சுக் கிண்ணத்துல சேக்குது.”

“அப்போ எங்க பாவம்?” என்றது ஒரு குரல்.

“மீனோட கழிவு. ரெண்டாவது அறையில வெளக்கு போட்டுப் பாசி வளக்கறாங்க. மிச்ச அழுக்க அது தின்னும். தின்னு தின்னு பெருத்தா வெட்டி எறியணும். எறியறதத்தான் நீங்க தலமாட்டுல வெச்சிருக்கீங்க. கடேசி அறையில பம்ப், தண்ணிய மேல ஏத்தும். பம்ப்ப நிறுத்துனா மேல ரெண்டு விரல் கொறைஞ்சு கீழ வந்து சேரும். அவ்வளவுதான் கடலோட நீதி.” அவள் இணைப்புகளைத் தடவிப் பார்த்தாள். “அமைப்பு என்னவோ அருமை சாமி. ஒரு சொட்டுக் கசிவு இல்ல. ஒழுங்கா மீன் வளத்திருக்கலாம்.”

பிறகு நடந்ததுதான் திருவிழா. ஆளுக்கு ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்து கடலை இறக்கி ஏற்றினார்கள். மாமியாரும் மருமகளும் மாறி மாறி மிதித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறக்கிவிடப்பட்ட கடலய்யா, முழங்கால் வலியை மறந்து பின்வாசல் வழியாக ஓடிய வேகத்தை யாரும் அளக்கவில்லை.

பேக்கரிக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க மாப்ள. தண்ணிய நம்பி உங்கள நம்பாம விட்டுட்டேன்.” சொன்னவர் குழாயக்காவின் பக்கம் ரகசியமாகக் குனிந்தார். “ஆனா ஒரு சந்தேகம்மா. இவங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்களான்னு இனிமே யாரப் போய்க் கேக்கறது?”

“என்னைக் கேளுங்கப்பா!” என்றாள் மகள்.

மீனுக்கு மூளை கடுகளவு. அதை வைத்துக்கொண்டு அது ஒரு நாளும் கடலய்யாவிடம் பரிகாரம் கேட்டு நின்றதில்லை. வெளியே நின்ற நமக்கு அதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. எடுத்து உபயோகியுங்கள் ஐயா, தேய்ந்து போகாது!