இலங்கை ஏற்காத பட்டம்

ஊருக்கு உபதேசம் செய்வதுதான் என் தொழில். எம்.எஸ்.டபிள்யூ. படித்த சமூகப் பணியாளன். ஆனால் முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் நாமக்கல் பக்கம் நான் உலவிய காலத்தில், ஊரே எனக்குத்தான் உபதேசம் செய்துகொண்டிருந்தது.

பெண் வீட்டார் முதலில் கேட்பது, "மாப்ள கவர்மெண்டுங்களா, ஃபாரினுங்களா?" இரண்டும் இல்லையென்றால் காபியோடு சரி. (சில வீடுகளில் சர்க்கரையும் குறைவு.) எனக்கு எட்டிய ஒரே ஃபாரின் இலங்கை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ் பேசும் சமூகப் பணியாளர் வேண்டும் என்று அங்கே ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்திருந்தது. "லங்காவும் ஃபாரின்தானுங்க. பாஸ்போர்ட் வேணுமல்ல?" என்று தரகர் ராசிபுரத்தில் ஒரு பெண் வீட்டாரை மடக்கிவிட்டார். வேலை உறுதியானதும் நிச்சயம் என்றார்கள்.

அந்த நிறுவனமோ என் பட்டத்தை அப்படியே ஏற்கவில்லை. இங்கே பயிற்சி வேறு, அங்கே வேறாம். அவர்களுடைய பயிற்சியாளர் முன்னிலையில் ஒரு குடும்பத்தைச் சந்தித்துப் பேசிக் காட்ட வேண்டும்; தேறினால் பட்டம் அங்கேயும் செல்லும். வேறு வேலையாகச் சேலம் வந்திருந்த தவமணி மிஸ்தான் பயிற்சியாளர். யாழ்ப்பாணத்துக்காரர். "நான் வாய் திறக்கமாட்டன் தம்பி. நீங்கள் கேளுங்கோ, அவை கதைக்கட்டும்" என்றார்.

புதுச்சத்திரம் பக்கம் கந்தசாமி அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் போர்வெல் போடுவார். ஊர் திரும்பினால் குடிப்பார். அவரிடம் பேசச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் அவர் மனைவி சரசக்கா. மிஸ் வருவதற்கும் இருவரும் சம்மதித்திருந்தார்கள்.

முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "மனசுல இருக்கறதச் சொல்லுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது கெடக்குதுங்க தம்பி. உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க, மனசுல என்ன கொறை?"

அடடா, என்னைக் கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறாரே! மடை திறந்துவிட்டது. பார்த்துவிட்டு வந்த வீடுகள், குடித்த காபிகள், நம்பியிருக்கும் இலங்கை எல்லாவற்றையும் கொட்டினேன். "செவ்வாய் தோசமுங்களா?" என்று சரசக்கா இடையில் புகுந்தார். அதற்கும் விளக்கமாகப் பதில் சொன்னேன். மிஸ்ஸின் பேனா எப்போதோ நின்றுவிட்டது. மகனுக்கு எப்போது கல்யாணம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ எனப் பயந்து எங்கம்மா இப்போதெல்லாம் கல்யாணங்களுக்கே போவதில்லை என்று சொல்லும்போது, கண் கலங்கினேன். (என்று எழுதத்தான் ஆசை. ஓவென்று அழுதேன்.)

கந்தசாமி அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "அழுவாதீங்க சாமி. மனசு உட்டுப் பேசிட்டீங்கல்ல, பாரம் எறங்கிருச்சுங்களா?"

அது நான் அவரிடம் கேட்பதற்காக மனப்பாடம் செய்து வந்திருந்த கேள்வி.

வெளியே வந்ததும் தவமணி மிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தம்பி, உங்கட படிப்பைக் குறை சொல்லேலாது. ஆனா இண்டைக்கு ஆர் ஆரைப் பாக்க வந்தவை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

பட்டம் ஏற்கப்படவில்லை. ராசிபுரமும் கைவிட்டுப் போனது. உள்ளபடியே வலித்தது, அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அடுத்த மாதம் சரசக்கா எங்கள் வீட்டுக்கே வந்தார். "என்ற தங்கச்சிக்கு ஒரு புள்ள இருக்குதுங்க. ஃபாரினெல்லாம் அவிய கேக்கல. நாலு பேரு முன்னால அழுவற பையன் குடிக்கமாட்டான்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க" என்றார்.

அந்தப் பெண்தான் என் மனைவி.

கந்தசாமி அண்ணன் இப்போது எனக்குப் பெரிய மாமனார். குடியை விடவில்லை. போன பொங்கலுக்கு மாமியார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, தொழில் புத்தி கேட்காமல், "மாமா, கொஞ்சம் உக்காந்து பேசலாமுங்களா?" என்று ஆரம்பித்தேன்.

சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. என் மனைவி அதை அவரிடம் ஏற்கெனவே உளறியிருக்கிறாள்.

"சொந்தத்துக்கு நீங்க புத்தி சொல்லக் கூடாதாமா, ரூல்ஸாமா" என்றார், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு. வீடே வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. "எனக்கு அந்த ரூல்ஸெல்லாம் இல்லீங்க மாப்ள. நீங்க சொல்லுங்க, மனசுல என்ன கொறை?"