கொழுக்கட்டை அண்ணாச்சியும் என் வலது கையும்

பஞ்சர் கடையைக் கடக்கும்போது ரப்பர் கருகும் வாசனை வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் நின்று ஒருமுறை ஆழ இழுத்துக்கொள்வேன். லேத்தில் சுழலும் எபோனைட் என்கிற இறுகிய கறுப்பு ரப்பர்க் குச்சியில் இரும்பு முனை பட்டதும் எழுகிற வாசனை அதேதான்: பாதி டயர், பாதி வெடித்த பட்டாசு. கூடவே கறிவேப்பிலை தாளிக்கும் மணமும் கலந்துவிட்டால் நான் ராஜபாளையத்தில் இருக்கிறேன், கொழுக்கட்டை அண்ணாச்சியின் பட்டறையில்.

கொழுக்கட்டையைப் பார்த்துப் பேனா செய்த மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். மறுப்பவர்கள் இன்னொருவரைக் கூட்டிவரட்டும், மாலையோடு காத்திருக்கிறேன்.

பகலில் நூல் மில்களுக்கு உதிரிபாகம் கடைவார். சாயங்காலமானால் மைப்பேனா. வேண்டுமென்று போய் நின்றால் நிறம், நீளம் ஒன்றும் விசாரிக்க மாட்டார். உள்ளே திரும்பி, "மாவு வரட்டும்!" என்று குரல் கொடுப்பார். அக்கா, அதாவது அவர் மனைவி, பிசைந்த அரிசிமாவு உருண்டையோடு முறைத்தபடி வருவார். அதன் நடுவில் பழைய பால்பாயிண்ட் ரீஃபிளைச் செருகி, நம் விரல்களுக்குள் வைத்து எழுதச் சொல்வார் அண்ணாச்சி.

முதன்முறை நான் என் பெயரை எழுத ஆரம்பித்தேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"பேரு எழுதாதீங்க தம்பி. பேரு எழுதயில எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிடுவாக. கை பொய் சொல்லும். 'புளி அரைக்கிலோ'ன்னு எழுதுங்க."

எழுதினேன். விரல்கள் அழுந்திய பள்ளங்களோடு மாவு அசல் பிடிகொழுக்கட்டையாகிவிட்டது. அதை நிழலில் காயவைத்து, பேனாவின் கழுத்து எங்கே ஒடுங்க வேண்டும், எங்கே பருக்க வேண்டும் என்று அதிலிருந்துதான் அளவெடுப்பார். வ. புதுப்பட்டித் தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு அப்படிச் செய்த பேனாவைச் சட்டைப்பையில் பார்த்தவர்கள், ஏன் வெள்ளரிக்காயோடு அலைகிறார் என்று கேட்டார்களாம்.

பட்டறை அலமாரி முழுக்க ஊரார் கைகள், பெயரெழுதி வரிசையாக. விருந்துக்கு வந்த அண்ணாச்சியின் மச்சினர் பசியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். பூரணத்துக்குப் பதில் ரீஃபிள். வாயெல்லாம் நீலம்.

"கேட்டுட்டுத் திங்க மாட்டியாய்யா? தாசில்தாரு கையாச்சே அது!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணாச்சி.

வீட்டு நாய் துரையும் லேசுப்பட்டதில்லை. பால்வெள்ளை உடம்பு, ரோஜா மூக்கு, ஊர்ப் பெயரைச் சுமக்கிற வேட்டை இனம். வேட்டையாடியதெல்லாம் மாவைத்தான். ஒருநாள் அலமாரியில் ஓரிடம் காலி. அண்ணாச்சி உடனே கிருஷ்ணன்கோவில் பேராசிரியர் ஒருவருக்குப் போன் போட்டார்.

"சார், செத்த நேரம் வந்துட்டுப் போங்க. உங்க கைய நாய் தின்னுருச்சு."

மறுமுனையில் அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு தயங்கித் தயங்கி, "ரெண்டும் இருக்கே அண்ணாச்சி" என்று பதில் வந்ததாம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் என் வண்டி சறுக்கியது. வலது சுட்டுவிரல் முறிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் மடங்க மறுத்து, யாரையோ குற்றம் சாட்டுவதுபோல நீட்டிக்கொண்டே நின்றது. எனக்குக் கையால் எழுதினால்தான் வாக்கியம் வரும். தலைக்குள் ஒன்றும் கிடையாது, பேனா போகிற போக்கில்தான் எனக்கே தெரியவரும். கைபேசியிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். 'வைகை வறண்டது' என்றேன். 'வை கை வறண்டது' என்று எழுதிக் காட்டியது. அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுத்தச் சொல்லி மருத்துவர் தந்த ரப்பர் பந்து மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்தது. இனி எழுத முடியாது என்று எனக்குள் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது.

கடைசி முயற்சியாக ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். "மடங்காத விரலுக்கு ஒரு பேனா செஞ்சு குடுங்க அண்ணாச்சி."

மாவு வந்தது. பிடித்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கட்டைவிரலும் நடுவிரலுமா ரெண்டு பேருதான வந்திருக்காக. சுட்டுவிரல எங்க?"

"அதான் வரலையே."

"வராத ஆளுக்கு நான் எப்படிச் சட்டை தைக்க? அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் குரல் உயர்ந்தது. "இது பிடியா, தடவலா? அமுக்குங்க தம்பி! மாவு அழுவாது."

"இவுக அமுக்குன மாவுல எம்புட்டு இடியாப்பம் புழிஞ்சிருப்பேன்" என்று அக்கா உள்ளிருந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். வெட்கமும் கோபமுமாக அமுக்கினேன். வலி தோள்வரை ஏறியது. இனி இந்தப் பட்டறைப் படி ஏறுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டு, மறுவாரம் ஏறினேன்.

ஒரு சாயங்காலம் அலமாரியில் என் கைகளை மட்டும் வரிசையாக வைத்திருந்தார். முதலாவதில் சுட்டுவிரல் இருந்த சுவடே இல்லை. அப்புறம் ஓர் எறும்பு நடந்த தடம். அப்புறம் ஒரு நெல்மணி அளவுக்குப் பள்ளம். அன்று பிடித்ததை உள்ளங்கையில் வைத்து, ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சுட்டுவிரல் பள்ளத்தில் போட்டார். உருண்டு விழாமல் உட்கார்ந்தது.

"வந்துட்டாக" என்றார். லேத்து சுழல ஆரம்பித்தது.

பேனா வந்த அன்று மை நிரப்பிக் கொடுத்தார். 'புளி அரைக்கிலோ' என்று எழுதினேன். ளி-யின் வளைவு கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நின்றது. "இம்புட்டு நாளும் வைத்தியம்தான் பாத்திருக்கீங்க. எனக்குத் தெரியாமப் போச்சே" என்றேன்.

மனிதருக்கு நிஜமாகவே கோபம். "வைத்தியமா? நல்லாருக்கே! பள்ளம் விழாம நான் எத வச்சுக் கடைய? என் சோலியத்தான் பாத்தேன்."

நடிப்பா, வெறும் பிடிவாதமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இந்த வரியையும் அந்தப் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேலை என்னைக் கோவைக்கு இழுத்துப்போனபோது வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார், கையெல்லாம் எபோனைட் கறுப்போடு. கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலெட்டு நடந்தார்.

"அங்க போயி கை மக்கர் பண்ணுச்சுன்னா பயப்படாதீங்க தம்பி. உங்க கை என்கிட்ட பத்திரமா இருக்கு. துரையக் கட்டிப் போட்டுட்டேன்."