கேன் சாரும் ஆட்டுக்கால் சூப்பும்

நெய்வேலியின் அத்தனை பிளாக்கிலும் சலித்துத் தேடினாலும், "உங்க எலும்பு நல்லா இருக்கு" என்று சொன்னதும் முகம் தொங்கிப்போகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் கேன் சார்.

நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். அவர் மைன்ஸில் ஷிப்ட் பார்த்துப் பார்த்து முழங்கால் வலியோடு வந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஸ்டெல்லா வடக்கே பிலாயில் வேலை பார்த்தாள். குவார்ட்டர்ஸில் இவர் தனி ஆள். லேபுக்கு வந்தால் லேசில் கிளம்ப மாட்டார், பேசிப் பேசியே என் உயிரை எடுப்பார்.

எலும்பு தேய்கிறதா என்று பார்க்க அப்போது ஒரு சோதனை உண்டு. ஒரு முழு நாள் சிறுநீரைப் பெரிய கேனில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். எலும்பு கரைந்தால் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற சரக்கு அதில் கூடும். மற்றவர்கள் கேனைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவருவார்கள். இவரோ கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லியபடி வந்தார். பக்கத்து சீட்டில் ஓர் ஈ கூட உட்காரவில்லை. பெயரும் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

ரிசல்ட் எகிறியிருந்தது. ஸ்டெல்லா அலறியடித்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். கேன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மகளோடு மார்க்கெட் போகிற குஷியில், எந்தக் கால் வலிக்கிறது என்பதையே மறந்து மாற்றி மாற்றி நொண்டினார்.

எனக்குச் சந்தேகம். "சார், டெஸ்ட்டுக்கு முன்னாடி கறி, மீன் கூடாதுன்னேனே, சாப்ட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. முட்டி வலிக்கு நல்லதுன்னாங்க, ஆட்டுக்கால் சூப்பு மட்டும் குடிச்சிக்கினு இருந்தேன்."

"ஐயோ சார், அதுதான் ஏத்திவிட்டிருக்கு!"

"சூப்பு எப்படிம்மா கறியாவும்? தண்ணியத்தான குடிச்சேன்!"

சூப்பை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தோம். நார்மல். "உங்க எலும்பு நல்லா இருக்கு" என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. ஸ்டெல்லா எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த மாதமே மனிதர் கேனோடு வந்து நிற்கிறார். டாக்டர் எழுதவே இல்லை. சட்டையில் மிளகு வாசனை கமகமக்கிறது.

"மறுபடியும் சூப்பா? விளையாடுறீங்களா சார்?" என்று கத்திவிட்டேன்.

அவர் கேன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவ இருந்தப்ப வூட்ல பேச்சு சத்தம் இருந்துச்சிம்மா. இப்ப ரேடியோவப் போட்டுக்கினு அதுகிட்ட பேசறேன். இந்த வாட்டியும் ஏறிச்சின்னா, கிறிஸ்மஸுக்கு வருவா இல்ல?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கேனைக் கொட்டிக் கழுவிவிட்டு, நேரே எஸ்டிடி பூத்துக்குப் போனேன்.

"அப்பாவுக்கு மறுபடியும் எலும்பா, அக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

"எலும்பு கல்லு மாதிரி இருக்கும்மா. தனியாதான் இருக்க முடியல அவரால. வந்து பாரு."

கிறிஸ்மஸுக்கு வந்தாள். அவர் ரிட்டயரானதும் கையோடு பிலாய்க்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளம்பும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள அதே கம்பெனி பஸ்ஸில் வந்தார்கள். மடியில் கேன் இல்லை. பக்கத்து சீட்டில் மகள் இருந்தாள்.

"இனிமே உங்களுக்குத் தொல்லை இல்லம்மா" என்றார். "அப்பாடா, தப்பிச்சேன்!" என்று நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகும் லேபுக்குக் கேன்கள் வந்தன. கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவார்கள். நான் கதவைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.