கெமைண்டேயிலிருந்து வந்த பிள்ளைகள்

கதவை யாரோ தட்டியபோது மேசையில் மூன்று பிளேட்டில் புட்டு இருந்தது. அந்த அறைக்குச் சட்டப்படி இரண்டு பிளேட்தான்.

“கட்டிலுக்குக் கீழ போ,” என்றான் நாகமுத்து, சத்தம் வராமல்.

மனைவியின் தம்பி ராசன் வாயிலிருந்ததை விழுங்கிக்கொண்டே தரையில் படுத்து உள்ளே ஊர்ந்தான். ராசன் ஆறடிக்கு மேல். அகதி முகாமில் கொடுத்த இரும்புக் கட்டில் ஆறடிக்கு ஒரு சாண் குறைவு. இந்தக் கணக்கு நாகமுத்துவை ஐந்து கிழமையாக வாட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், நின்றுவிட்டுப் போகிறேன் என்றுதான் ராசன் வந்தான். அவனைப் பதிந்தது மியூனிக் பக்கத்து முகாம் ஒன்றில். அனுமதியில்லாமல் அந்த மாவட்டத்துக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்று அவனுடைய அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. கால் வைத்தது மட்டுமல்ல, ரயிலேறி ஹம் நகரத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்து, அக்கா வைத்த மீன்குழம்பையும் ஒரு கை பார்த்துவிட்டான். பிடிபட்டால் அவனுடைய அகதி விண்ணப்பம் கெடும். ஒளித்து வைத்ததற்காக இவர்களுடையதும் கெடும். ஆனாலும் சந்திரகாந்தி அவனைப் போ என்று சொல்லவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவள் கண்ட ஒரே கூடப்பிறந்த முகம் அது. அதை நாகமுத்துவும் அறிவான், அதனால் அவனும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தான். போலீஸ் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டு சிறுமிகள். ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள், கையில் கொப்பி. மற்றவளின் பல்லில் கம்பி.

“வணக்கம். என் பெயர் ரூத். இவள் டானியெலா,” என்றாள் கண்ணாடிக்காரி ஜெர்மனில். “நாங்கள் கெமைண்டேயிலிருந்து வருகிறோம்.”

நாகமுத்துவுக்கு ஜெர்மன் நாலு சொல்லுக்கு ஒரு சொல் விளங்கும். அந்த மாடி ஆண்களுக்குள் அதுவே பெரிய படிப்பு. கெமைண்டே என்ற சொல் மட்டும் அவனுக்கு நன்றாகவே விளங்கியது. அவர்களை இந்த ஊருக்கு அனுப்பிய கடிதத்தின் தலையில் அந்தச் சொல் இருந்தது. அறையில் சமைக்கக்கூடாது என்று வந்த கடிதத்தின் தலையிலும் இருந்தது. கெமைண்டே என்றால் ஊர் நிர்வாகம். பிள்ளைகளை வைத்து உளவு பார்க்கிற அளவுக்கு நிர்வாகம் இறங்கிவிட்டது என்று நினைத்தான்.

“உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்ட ரூத்தின் கண் மேசைக்குப் போனது. “மூன்று பேரா?”

“இரண்டு. இரண்டு பேர்தான்,” என்றான் நாகமுத்து. “நான் இரண்டு பிளேட் சாப்பிடுவேன்.”

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே அவன் உட்கார்ந்து, அவர்கள் பார்த்திருக்க, தன் புட்டையும் ராசனின் புட்டையும் சாப்பிட்டு முடித்தான். ராசனின் பங்கு பெரிய பங்கு.

ரூத் கொப்பியில் எழுதினாள். நாகமுத்து எட்டிப் பார்த்தான். எழுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடியது. ரகசிய எழுத்து. அவனுக்கு நெஞ்சு அடைத்தது, பாதி பயத்தில், பாதி புட்டில். அந்த நேரம் பார்த்து அவளுடைய பென்சில் கைநழுவிக் கட்டிலுக்குக் கீழே உருண்டது. அவள் குனிந்தாள். பென்சிலோடு நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இனி இவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்த நாகமுத்து நோயாளியைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வருத்தம். பெரிய வருத்தம்,” என்றான். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

“பென்சில் உன்னட்டத்தானே வந்தது? அவள் உன்னைக் கண்டவளோ?” என்று நாகமுத்து கட்டிலுக்குக் கீழே கேட்டான்.

“காணேல்லை அத்தான். பென்சிலை நான்தான் தள்ளிவிட்டனான்.”

“அவள் காணேல்லை எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லோ கிடந்தனான்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு மறுபடி தட்டல். தட்டியவர்கள் உடனே உள்ளே வரப் பார்க்கவில்லை. வெளியே நின்று சப்பாத்து நாடாவைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராசன் ஆற அமர ஊர்ந்து போய்ச் சேர்ந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

“ஒட்டுக்கேக்கினம்,” என்றான் நாகமுத்து.

“கத்திக்கொண்டு நிண்டு ஆரப்பா ஒட்டுக்கேக்கிறது?” என்றாள் சந்திரகாந்தி.

இந்த முறை பெரிய பாத்திரத்தில் கோழி சூப் கொண்டுவந்திருந்தார்கள். வருத்தக்காரருக்காம். டானியெலா பையிலிருந்து கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாகமுத்து அவற்றை மறுபடி எண்ணினான்.

பிள்ளைகள் போன பிறகு ராசன் மூன்றாவது கிண்ணத்தை வழித்துக் குடித்தான். “உப்புக் கொஞ்சம் காணாது,” என்றான்.

“உனக்கு உப்பு ஒண்டுதான் குறை. மூண்டு கிண்ணம் ஏன் வந்தது எண்டு யோசிச்சியே? ஆளை எண்ணிப்போட்டினம். அடுத்த கிழமை பெரியாக்களோட வருவினம்.”

“நான் இண்டைக்கே வெளிக்கிடுறன் அத்தான்.”

சந்திரகாந்தி கிண்ணங்களை எடுத்துக்கொண்டு மூலைக்குத் திரும்பி நின்றாள். அவளுடைய முதுகைப் பார்த்த நாகமுத்து, “இப்ப ஆர் உன்னைப் போகச் சொன்னது?” என்றான் எரிச்சலோடு.

அவனுக்கு அன்றிரவு முழுக்க யோசனை. ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்ப ஊரில் ஒரு வழி இருந்தது. சாவு விழுந்த துடக்கு வீடு என்று தெரிந்தால் யாரும் உள்ளே வந்து கை நனைக்க மாட்டார்கள். அவனுடைய அம்மான் ஒருவர் ஏழு வருடத்துக்கு முன்பே காலமாகியிருந்தார். அவரை இன்னொரு தரம் சாகவைப்பதில் பாவமில்லை என்று நினைத்தான். அடுத்த நாளே தபாலகத்துக்குப் பக்கத்தில் ரூத்தைக் கண்டதும் ஓடிப்போய்ச் சொன்னான்: “மாமா செத்துவிட்டார். வீடு சரியில்லை. முப்பத்தொரு நாள் வர வேண்டாம்.”

ரூத் முகம் வாடிப்போய் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். நாகமுத்து வெற்றியோடு வீட்டுக்கு வந்தான்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேராக வந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு இந்தத் தரம் பாட்டே பாடினார்கள். பிள்ளைகளோடு ஐம்பது வயது தாண்டிய, குட்டையான ஒரு அம்மா. டீச்சராம், பெயர் லேவின்.

“யூடிஷ கெமைண்டே,” என்றார் தன் நெஞ்சைத் தொட்டு.

யூரிஸ்ட் என்றால் சட்டத்தரணி என்பது நாகமுத்துவுக்குத் தெரியும். “காந்தி, உவ நிர்வாகத்தின்ர சட்டப்பகுதி,” என்று முணுமுணுத்தான். “முடிஞ்சுது எங்கட அலுவல்.”

சட்டப்பகுதி ஒரு பையில் அவித்த முட்டை கொண்டுவந்திருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மூன்று. டானியெலா நேரே போய்ச் சுவர்க் கண்ணாடியைத் துவாயால் மூடினாள். பிறகு ஒருவரும் கதிரையில் உட்காராமல், மூன்று பேரும் தரையிலேயே இருந்துவிட்டார்கள்.

தரையில். கட்டிலுக்கு நேரே.

நாகமுத்து பாய்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை இழுத்து முன்பக்கம் தரைவரைக்கும் தொங்கவிட்டான். முன்பக்கம் இறங்கிய அளவுக்குக் கால்மாட்டுப் பக்கம் போர்வை ஏறியது. டீச்சர் இருந்தது கால்மாட்டுப் பக்கம். அவன் அந்தப் பக்கம் இழுத்தான், தலைமாடு திறந்துகொண்டது. பிள்ளைகள் இருந்தது தலைமாட்டுப் பக்கம். இப்படி நாலைந்து தரம் இழுத்து, கடைசியில் துக்கம் தாங்காத மனிதனாகத் தானே போர்வையோடு தரையில் சரிந்தான்.

டீச்சர் சந்திரகாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். சந்திரகாந்தி முதலில் சும்மாதான் இருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். அம்மானுக்காக அல்ல. போன வருடம் அவளுடைய ஐயா இறந்த செய்தி ஊரிலிருந்து கடிதத்தில் வந்தபோது இந்த அறைக்கு ஒருவரும் வரவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சோறு வடித்தாள். இன்றைக்குத்தான் அவளுக்குச் செத்தவீடு நடந்தது, அவள் வாய்விட்டு அழுதாள்.

அவளுடைய ஐயா ராசனுக்கும் ஐயா. கட்டிலுக்குக் கீழிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நாகமுத்து அதைவிடப் பெரிதாக மூக்கை உறிஞ்சினான். கீழே ஒரு விம்மல். நாகமுத்து இரண்டு விம்மல் விட்டான்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறை பற்றிமா அக்கா ஓடிவந்தாள். கத்தோலிக்கத் தேவாலயச் சமையலறையில் உதவிக்குப் போய் அவள் நல்ல ஜெர்மன் பிடித்திருந்தாள்.

“ஆர் செத்தது, நாகமுத்தண்ணை?”

“அதைப் பிறகு சொல்லுறன். இவை ஆக்கள் ஆர் எண்டு முதல்ல கேளுங்கோ. எங்களைப் பிடிக்கவோ வந்தவை?”

பற்றிமா அக்கா டீச்சரோடு கொஞ்ச நேரம் பேசினாள். பேசப் பேச அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீடென்பதால் அடக்கிக்கொண்டாள்.

“அண்ணை, யூடிஷ எண்டால் சட்டமில்லை, யூத ஆக்கள். கெமைண்டே எண்டு சமயச் சபையையும் சொல்லுறவை. எங்கட கோயில் பங்கையும் அப்பிடித்தான் சொல்லுவம். இந்தப் பிள்ளையள் ஏழாம் வகுப்பு. சபையில கிழமைக்கு ஒருக்கா சமய பாடம்.”

“சமய பாடமெண்டால் சபையில இருந்து படிக்கட்டும். என்ர அறையில என்ன வேலை?”

“படிக்கிறதைச் செய்தும் காட்டோணுமாம், சமூக சேவை. அந்நியரை விசாரிக்கிறது, வருத்தக்காரரைப் போய்ப் பாக்கிறது, துக்க வீட்டில கண்ணாடியை மூடி, முட்டை குடுத்து, நிலத்தில இருந்து ஆறுதல் சொல்லுறது. மற்றப் பிள்ளையளுக்கு வருசம் முடிய எடுக்கிற பாடத்தை, நீங்கள் மூண்டு கிழமையில முடிச்சுக் குடுத்திட்டியளாம். டீச்சர் நன்றி சொல்லுறா.”

“அந்த ரகசிய எழுத்து?”

“எபிரேயம். வலமிருந்துதான் எழுதுவினம்.”

நாகமுத்து தரையில் கிடந்தபடியே நீண்ட மூச்சு விட்டான். ஏழு கிழமையில் முதல் முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து முட்டையை உரித்தான், உப்புத் தேடினான், டீச்சருக்குத் தேத்தண்ணி போடச் சொன்னான். படிக்கிற பிள்ளைகளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. ராசன் விஷயம் ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் தன்னுடைய வீண் பயம்.

தேத்தண்ணி குடித்து முடித்து மூவரும் எழுந்தார்கள். வாசலில் டீச்சர் ரூத்தின் காதில் ஏதோ சொன்னார். ரூத் திரும்பி வந்து, நாகமுத்துவுக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கும்படி, மெதுவாகச் சொன்னாள்:

“கட்டிலுக்குக் கீழே இருப்பவரைக் காலை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். டீச்சர் சின்ன வயதில், யுத்தத்தில், இரண்டு வருடம் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்தவர். வெளியே தெரிவது எப்போதும் கால்தானாம்.”