நகம் மாட்டிய பல்

அம்பியின் நகம் முன்பல்லின் ஓரத்தில் மாட்டியது.

தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பாகம் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார், மாட்டினால் ரிஜெக்ட். தாட்சண்யமே கிடையாது.

முந்தின நாள்தான் மருமகள் தாரிணி, அவருடைய முன்பற்களுக்கு நடுவே இருந்த சொத்தையைச் சுரண்டி, பல் நிறத்திலேயே அடைத்திருந்தாள். உதடு மரத்து, கண்ணை இறுக மூடிக் கிடந்தவருக்கு அவள் விளக்கியது காதில் விழுந்தது. அடைத்ததை மெருகேற்ற முதலில் சொரசொரப்பான வட்டு, பிறகு அதைவிட நைசானது, கடைசியில் ரப்பர் முனையும் பசையும். முறையான வேலை என்று மெச்சிக்கொண்டார். இப்போது நகம் மாட்டுகிறதே?

மாலையில் ஏ.எஸ்.ராவ் நகரில் அவளுடைய கிளினிக் திறப்பு விழா. அம்பியின் பழைய சகாக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர் பல்தான் விளம்பரம். குறை தெரிந்தால் அந்த வட்டாரத்தில் ஒருத்தரும் அவளிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"தாரிணிகிட்டயே சொல்லுங்கோளேன்" என்றாள் மனைவி நீலா.

"திறப்பு விழா அன்னிக்கா? அழுதுடுவா. நானே சரிபண்ணிக்கறேன்."

வெள்ளி விளக்கு துலக்கும் விபூதியைப் பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தேய்த்தார். பல் பளபளத்தது, நகம் மாட்டியது. நீலாவின் நகம் ராவும் அரத்தை எடுத்தார். அவள் தடுப்பதற்குள் நாலு இழுப்பு. மாட்டிய இடத்தில் இப்போது படிக்கட்டு. அதைச் சமப்படுத்தப் போய் மினுமினுப்பும் போயிற்று. அந்த மூலை சுண்ணாம்புக் கட்டியாக வெளிறி நின்றது.

வாயை மூடிக்கொண்டே ரிப்பன் வெட்டினார். வாழ்த்தியவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் அவரோடு வேலை பார்த்த சுப்பிரமணியம் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார், அவரும் இன்ஸ்பெக்டர்தான்.

"ஈன்னு காட்டும் ஓய்."

தப்ப வழியில்லை. காட்டினார்.

"அடைச்ச இடம் அப்பட்டமா தெரியறதே. ஃபினிஷிங் போறாது. ரிஜெக்ட்."

வாசல் பக்கம் இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். உள்ளே விருந்தாளிகளோடு இருந்த தாரிணி திரும்பிப் பார்த்தாள். அம்பிக்குத் தாங்கவில்லை.

"அவ மேல தப்பில்லை. நான்தான் ஆத்துல அரம் போட்டேன்" என்றார் சத்தமாக.

தாரிணியின் உதவியாளர், தெலுங்குப் பெண் ஸ்மிதா, அவர் வாயில் விளக்கடித்து, சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"மேடம் அடைச்சது பக்கத்துப் பல்லு அங்கிள். நீங்க ரெண்டு பேரும் ரிஜெக்ட் பண்ணினது தேவுடு செஞ்சது."